நடையா, சைக்கிளா, பந்தா, ஜிம்மா: யாழ்ப்பாணத்தில் விடாமல் செய்யக்கூடிய உடற்பயிற்சி எது?

நாற்பதைத் தாண்டிய ஒருவர் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டினால், டொக்டர் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது நடவுங்கோ." சொல்வது சரி. ஆனால் நடை என்றாலே அலுப்புத் தட்டுகிற ஆள் என்ன செய்வது என்று கேட்க அந்த ஐந்து நிமிடத்தில் இடம் இருப்பதில்லை. அவர் புதுச் சப்பாத்து வாங்குவார், இரண்டு கிழமை விடிய வெள்ளண எழும்புவார், மூன்றாம் கிழமை ஒரு கலியாணவீடோ செத்தவீடோ குறுக்கே வரும், அதோடு சப்பாத்து கட்டிலுக்குக் கீழே போய்விடும். "அவருக்கு மன உறுதி காணாது" என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பிடிக்காத ஒன்றை வருடக்கணக்கில் செய்யும் உறுதி மிகச் சிலருக்கே உண்டு. மற்றவர்கள் பிடித்த ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்தத் தேடலுக்கு உதவும் என்றுதான் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கைக்கெட்டும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எவ்வளவு தேவை என்பது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, அதோடு தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி கிழமையில் இரண்டு நாளாவது வேண்டும். பழைய வழிகாட்டலில் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அது 2020 இல் எடுக்கப்பட்டுவிட்டது. கடைக்கு நடந்து போன ஏழு நிமிடமும் கணக்கில் சேரும். பத்தாயிரம் அடி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் இல்லை. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது. வயதான பெண்களிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு ஆபத்துத் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அளவுக்கு மேல் நன்மை பெரிதாகக் கூடவில்லை. ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அடுத்தது வேகம். பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. மூச்சு முட்டும் எல்லையைத் தாண்டி உடம்பை விரட்டினால் அநேகமாக எல்லாருக்குமே மனம் கசந்துபோகும், அந்த எல்லைக்குக் கீழே தானே தெரிந்தெடுத்த வேகத்தில் செய்தால் நன்றாக இருக்கும் என்று உடற்பயிற்சி உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதை அளக்கக் கருவி தேவையில்லை. பயிற்சியின் நடுவில் பக்கத்து ஆளோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் நடுத்தர வேகம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடங்குகிற பலர் பள்ளிக்கூட நாள் நினைப்பில் முதல் நாளே விழுந்தடித்து ஓடுவார்கள். உடம்பு நோவோடு சேர்த்து வெறுப்பும் வந்துவிடும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டன் யூனிவர்சிற்றி கொலிச்சில் நடத்தப்பட்டு 2010 இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக நடுவளவாக 66 நாள் எடுத்தது. ஆளுக்காள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிக்கும் பழக்கம் வேகமாக ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி மெதுவாகத்தான் ஒட்டியது. எனக்கு அதில் மிகவும் பிடித்த முடிவு இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உடைந்துவிடவில்லை. செத்தவீட்டுக்குப் போன ஒரு நாளுக்காக எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு இதை யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

எனவே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வியோடுதான் பார்க்கிறேன். செய்துகொண்டிருக்கும்போது நன்றாக இருக்கிறதா? வராவிட்டால் "என்ன, நேற்றுக் காணேல்லை?" என்று கேட்க ஆள் இருக்கிறதா? கார்த்திகை மழையில் அது என்ன ஆகும்? எது அதிகம் கலோரி எரிக்கும் என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். விட்டுவிட்ட பயிற்சி ஒரு கலோரியும் எரிக்காது.

நடை

இதற்கு வேண்டியது சப்பாத்து மட்டும். இடத்துக்கும் பஞ்சமில்லை. பண்ணைக் கடற்கரை, கோட்டையைச் சுற்றி, பழைய பூங்காவின் மர நிழல், ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதை, நல்லூர் வீதிகள் என்று நகரத்தவருக்கு உண்டு. ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கோயில் வெளிவீதியும் பள்ளிக்கூட மைதானமும் தோட்டப் பாதைகளும் இருக்கின்றன. விடிய ஐந்தரைக்கு நல்லூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், வேகமாக நடப்பவர்களும் சாமி கும்பிட வந்தவர்களும் கலந்து போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்து நல்லூர் மனதுக்கு எவ்வளவு இதம் என்று அங்கே நடப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

தனியாக நடப்பது சிலருக்கு வரம். நாள் முழுக்க ஆட்களோடு மாரடிக்கும் ஆசிரியர், கடைக்காரர், தாதி போன்றவர்களுக்கு யாரும் எதுவும் கேட்காத அந்த அரை மணித்தியாலமே மருந்து. ஆனால் பெரும்பாலானோருக்குத் தனி நடைதான் முதலில் அறுந்துபோவது. காரணம் சின்னது: போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரே நேரத்தில், ஒரே படலையடியில் சந்தித்து நடந்தால் கதை முழுதும் மாறிவிடும். கதைத்துக்கொண்டே நடந்தால் நடைக்கு வேகம் இருக்காது என்பார்கள். கதைக்கக்கூடிய வேகம்தான் சரியான வேகம் என்பதால், அந்தக் கவலையை விடலாம். கதைக்காக நின்று நின்று போகும் அளவுக்கு வேகம் குறைந்தால் மட்டும் ஒருவர் முன்னால் போய் இழுக்க வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நடையில் ஒரு தனி நன்மை உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலே, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் இரத்தச் சீனியின் அளவு குறையும். இரவுச் சாப்பாடு புட்டோ இடியப்பமோ ஆனபின் உள்ஒழுங்கையில் இரண்டு சுற்று நடப்பது அதனால் நல்ல யோசனை. இன்சுலினோ, சீனியை மிகவும் இறக்கக்கூடிய குளிசையோ எடுப்பவர்கள் பையில் இரண்டு இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் வீதியில் வெறுங்காலோடு நடப்பது எங்களுக்கு இயல்பு. கால் மரத்துப்போன சீனி வருத்தக்காரருக்கு அது ஆபத்து. மணல் சுடுவதோ கல் கிழித்ததோ அவருக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். அப்படியானவர்கள் வீதிக்கு வெளியே, சப்பாத்தோடு நடந்துவிட்டு, கும்பிட மட்டும் கழற்றினால் போதும். வீட்டுக்கு வந்து இரண்டு பாதத்தையும் பார்க்கவும் வேண்டும்.

நடையின் குறை என்ன? நாய்கள். ஒழுங்கை முழுக்கக் கட்டாக்காலி நாய்கள் நிற்கின்றன, விடியப்புறம் தனியே போகும் பெண்களுக்கு நாயோடு வேறு பயமும் சேர்ந்துவிடும். கூட்டமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது, கை, தோள், முதுகுத் தசைகளுக்கு நடையால் பெரிதாக வேலை இல்லை.

ஓட்டம் பற்றிச் சுருக்கமாக. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் வைக்கும் மரதன் ஓட்டத்தில் வெற்றி பெற்றவர்களுக்கு அந்த ருசி நாக்கில் இருக்கும், அவர்கள் மறுபடி ஓடலாம். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று மாற்றி மாற்றித் தொடங்கினால் முழங்காலும் மூச்சும் பிழைக்கும். எங்கள் ஈரக் காற்றில் வியர்வை லேசில் காயாது, உடம்பும் ஆறாது. ஆகவே சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குப் பிறகு ஓடுவது நல்லதல்ல.

சைக்கிள்

எனது மனச்சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. குடாநாடு முழுக்கத் தட்டை நிலம். ஏற்றம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்த ஊர் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியை ஏற்றியதும் சைக்கிள், விறகு கட்டியதும் சைக்கிள், பிள்ளைகள் ரியூசனுக்குப் போனதும் சைக்கிள். 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது மறுபடியும் எல்லாரும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். இரண்டு தடவையும் கட்டாயத்தால் உழக்கினோம். கட்டாயம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டோம். விரும்பி உழக்கிப் பார்ப்பது இன்னும் பலருக்குப் புது அனுபவமாகவே இருக்கும்.

இதன் பெரிய பலம், பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்காமலே நடந்துவிடுவது. வேலைக்கு மூன்று கிலோமீற்றர் என்றால் போக வர ஆறு. சந்தைக்கு, தபால் கந்தோருக்கு, பிள்ளையைக் கூட்டிவர என்று சேர்த்தால் கிழமைக்குத் தேவையான நிமிடங்கள் தன்பாட்டில் நிறைந்துவிடும். மழைக் காலம் தவிர மற்ற நாட்களில் விட்டுப்போக வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் போக வேண்டிய இடத்துக்கு எப்படியும் போகத்தானே வேண்டும். முழங்காலில் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடம்பின் பாரம் சீற்றில் இருப்பதால் நடையைவிட இது சுகம்.

இன்பத்துக்காக ஓடுவதென்றால் இருக்கவே இருக்கிறது ஞாயிற்றுக்கிழமை. நகரத்திலிருந்து காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கோ கீரிமலைக்கோ ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வெள்ளணக் கிளம்பி, வழியில் பிளேன்ரீ குடித்து, அங்கே ஒரு முழுக்குப் போட்டுத் திரும்பினால் அந்தக் கிழமைக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போவதுதான் எல்லாவற்றிலும் அழகு. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், கொக்கும் நாரையும், நடுவில் நேர் வீதி. அங்கே காற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். அது நல்லது, களைத்த நேரத்தில் உதவி கிடைக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு. போகும்போது பறப்பது போல இருக்கும், "என்ன சுகம்" என்று வேலணை தாண்டிப் போய்விடுவார்கள், திரும்பும்போது நெஞ்சுக்கு நேரே காற்று நிற்கும். வாடை மாதங்களில் பாதித் தூரத்தோடு திரும்புங்கள்.

பலர் சைக்கிளை விடுவதற்குக் காரணம் முழங்கால் நோ, அந்த நோவுக்குக் காரணம் பெரும்பாலும் சீற் பதிந்திருப்பது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கி இருக்க வேண்டும். கால் நிலத்தில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைத்தால் ஒவ்வொரு உழக்கிலும் முழங்கால் சிரட்டைதான் அடிவாங்கும். சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை. காப்பெற் வீதிகள் வந்தபின் பஸ்ஸும் ரிப்பரும் வேகமாகப் போகின்றன. எனவே பிரதான வீதியை விட்டு உள்வீதிகளால் போவதும், பின்னால் சிவப்பு வெளிச்சம் பூட்டுவதும் அவசியம்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். சைக்கிள் எலும்பை உறுதியாக்காது, பாரம் எலும்பில் விழாததால். மாதவிடாய் நின்ற பெண்களும் வயதானவர்களும் இதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. நடையோ பாரம் தூக்குவதோ கூடச் சேர வேண்டும்.

பந்தும் மட்டையும்

எங்கள் ஊர்களில் பின்னேரம் நாலரைக்குப் பிறகு சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கரப்பந்தாட்ட வலை கட்டியிருக்கும். கரப்பந்தில் செற்றப் கேம் என்ற வகையை ஆடும் பெடியள் ஒருபுறம், ஓவர் கேம் என்ற வகையை ஆடும் மூத்தவர்கள் ஒருபுறம் என்று இருட்டும் வரை சத்தம் கேட்கும். அங்கே நிற்பவர்களிடம் "உடற்பயிற்சி செய்கிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். விளையாட்டின் முழுப் பலமும் அதுதான். பந்தைப் பார்த்துக்கொண்டு இருக்கையில் களைப்பு ஞாபகம் வராது. அதற்கு மேல், ஆறாவது ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் தொடங்காது என்பதால், வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடுவார்கள். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தப் பயிற்சியிலும் கிடையாது. நடை, ஜிம் இரண்டையும் தொடங்கி விட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு விளையாட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்பதே.

பூப்பந்தாட்டம், அதாவது பட்மின்ரன், நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் வசதி. நாலு பேர் போதும். இரட்டையர் ஆட்டத்தில் ஓடும் தூரம் குறைகிறது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக ஆடலாம். திறந்த வெளியில் எங்கள் காற்றுக்குள் சற்றில், அதாவது இறகுப் பந்து, நிற்காது, ஆகவே மண்டபம் வேண்டும், வாடகையைப் பகிர வேண்டும். அந்தக் காசு ஒரு கட்டுப்பாடாகவும் வேலை செய்யும்: பங்கு கட்டியவர் வராமல் இருக்க யோசிப்பார். மண்டபம் என்பதால் மழையும் தடுக்காது. ஆபத்து என்று பார்த்தால் திடீரென்று பாய்வதும் திரும்புவதும்தான். குதிக்கால் நாரும் கணுக்காலும் தோள்மூட்டும் அடிபடும். ஐந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்காமல் மட்டையைத் தொடக்கூடாது.

இங்கே பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ஒப்பீடு பாதிதான். வலைப்பந்தாட்டத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எவ்வளவு திறமையாக ஆடுகிறார்கள்! உயர்தரம் எழுதி முடிந்ததும் அந்தப் பந்து கையை விட்டுப் போய்விடுகிறது. பிறகு வேலை, கலியாணம், பிள்ளை. முப்பத்தைந்து வயதில் அவர்களிடம் நடக்கச் சொல்கிறோம். பன்னிரண்டு வருடம் ஆடிப் பழகிய உடம்புக்கு ஏன் மறுபடி அந்தப் பந்தைக் கொடுக்கக்கூடாது? யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தார், 2022 இல் நாற்பதைத் தாண்டிய வயதில் திரும்ப வந்து மறுபடி வென்ற அணியிலும் ஆடினார். எல்லாரும் அவராக முடியாது. ஆனால் பழைய மாணவிகள் பத்துப் பதினான்கு பேர் சேர்ந்து, சனிக்கிழமை விடிய மைதானத்தைத் தாருங்கள் என்று தாங்கள் படித்த பள்ளிக்கூடத்து அதிபரிடம் கேட்கலாம். வெளியே நின்று பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் தனி ஆளுக்குத்தான் பாரம். பதினான்கு பேராக நின்றால் அது பாதி கரைந்துவிடும். மதிலுக்குள் இருக்கும் பள்ளி மைதானம் என்றால் மீதியும் கரையும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மட்டும் நினைவு வரும் கிளித்தட்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். கோடு கீற ஒரு தடி போதும். பாய்ந்து, ஏமாற்றி, பின்வாங்கி, மறுபடி பாய்ந்து ஆடும் அரை மணித்தியாலம் எந்தப் புதுப் பயிற்சி முறைக்கும் சளைத்ததல்ல. சிறுவர்களோடு பெரியவர்களும் இறங்கினால் வீட்டில் பிள்ளைகள் போனைக் கீழே வைக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

ஜிம்

இப்போது நகரத்தில் மட்டுமன்றிச் சின்னச் சந்திகளிலும் ஜிம் வந்துவிட்டது. யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்தால், எண் கூடுவதில் மகிழ்கிற ஆட்களுக்கு. போன மாதம் பத்துக் கிலோ, இந்த மாதம் பதினைந்து என்று கண்முன்னே தெரிவது சிலருக்குப் பெரிய உற்சாகம். அவர்கள் விடமாட்டார்கள். மற்றவர்களுக்கு அது நாலு சுவருக்குள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. எது உங்கள் இயல்பு என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், ஆகவே கழிவு தருகிறோம் என்று வருடத்துக்கு முன்காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரு மாதக்காசு மட்டும் கட்டுங்கள். நீங்கள் போகக்கூடிய நேரத்திலேயே போய், எவ்வளவு கூட்டம், பயிற்றுநர் புதியவர்களைப் பார்த்துத் திருத்துகிறாரா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று பாருங்கள். முதல் கிழமையிலேயே புரதப் பொடி விற்கப் பார்க்கும் இடத்தை விட்டு விலகுவது நல்லது. பருப்பும் மீனும் முட்டையும் சாப்பிடுகிற வீட்டில் தொடக்ககாரருக்கு அது தேவையில்லை.

முதல் தடவை பாரம் தூக்கினால் அடுத்த நாளிலிருந்து மூன்று நாள் வரை தசை நோகும். அது காயமல்ல, பழகப் பழகக் குறையும். தெரியாதவர்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

ஜிம் பிடிக்காவிட்டாலும் தசைப் பயிற்சி தேவை என்று முதலில் சொன்னேன் அல்லவா. அதை வீட்டிலேயே முடிக்கலாம். கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், படியில் குதிக்காலை உயர்த்தி இறக்குதல், இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தலோ வாளியோ தூக்கி முற்றத்தில் நடத்தல். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக இரண்டு சுற்று, கிழமையில் இரண்டு நாள். இது யாருக்கும் பெரிய இன்பம் தராது. அதனால்தான் இதைத் தனியாக விடாமல் பிடித்த ஒன்றோடு ஒட்டிவிட வேண்டும்: சீரியல் பார்க்கும்போது, அல்லது நடந்து வந்த சூட்டோடு.

வீட்டு வேலை போதாதா என்று அம்மாமார் கேட்பார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு வளவு கூட்டினால், தோட்டம் கொத்தினால், அது பயிற்சிதான், நிமிடங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறையில் நாள் முழுக்க நிற்பது அந்தக் கணக்கில் வராது, களைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

நீச்சலும் யோகாசனமும்

கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நீந்தத் தெரியாதவர்கள் இவ்வளவு பேர் இருப்பது எனக்குக் கவலை. பாக்கு நீரிணையை 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து திரும்பவும் ஒரே மூச்சில், 51 மணித்தியாலத்தில் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். மூட்டு வருத்தக்காரருக்கும் உடம்பு பருத்தவர்களுக்கும் நீச்சலைப் போல இதமான பயிற்சி இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் செய்யக்கூடிய இடம் பக்கத்தில் இருப்பவர்கள் சிலர்தான். கீரிமலைக் கேணியும் கசூரினாவின் ஆழமில்லாத கடலும் விடுமுறை நாளுக்கு ஏற்றவை. கழிவுநீர் வந்து சேரும் களப்புக் கரைகளில் இறங்க வேண்டாம். வாடைக் காலத்து வடகடலிலும் தோட்டக் கிணறுகளிலும் நீச்சல் பழகவே கூடாது. பழக்க ஆள் இருக்கும் தடாகம் கிடைத்தால் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள். பெரியவர்கள் இதைக் கிழமைக்கொரு மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டு, நாளாந்தத்துக்கு வேறொன்றைப் பிடிப்பது நல்லது.

யோகாசனம் உடம்பு வளையவும் மனம் அடங்கவும் நித்திரை வரவும் உதவும். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், மழைக்கும் அஞ்சாது. மெதுவாகச் செய்யும் ஆசனங்களில் இதயத் துடிப்பு அவ்வளவு ஏறாது என்பதால் நடைக்குப் பதிலாக அதை எடுக்க முடியாது. சூரிய நமஸ்காரத்தை விடாமல் பல சுற்றுச் செய்பவர்கள் இதற்கு விலக்கு.

சரி, யார் எதை எடுப்பது?

கதைக்கப் பிரியம் உள்ளவர், இரவு கண் விழிக்காதவர் என்றால் விடியக் கூட்டு நடை. கதை வேண்டாம், தனியே இருக்க வேண்டும் என்பவர் சைக்கிள். வெல்லவும் தோற்கவும் ஆசையுள்ளவர் பந்து அல்லது மட்டை. எண்ணி எண்ணி முன்னேறப் பிடிப்பவர் ஜிம். பிள்ளை சின்னது, வீட்டை விட்டு அசைய முடியாத தாய்க்கு இப்போதைக்குப் பாயும் கதிரையும், பின்னேரம் பிள்ளையைச் சைக்கிளில் இருத்தி ஒரு சுற்றும். பள்ளிக்கூடத்தில் எதை விளையாடினீர்கள், அல்லது எதை விளையாட ஆசைப்பட்டும் முடியாமல் போனது என்று யோசித்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மூன்று கிழமை கொடுங்கள். செய்து முடித்த பிறகு எப்படி இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். தொடங்கும்போது பஞ்சி எல்லாருக்கும் வரும், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மூன்று கிழமை முடிவிலும் அடுத்த நாளை நினைத்தால் மனம் பாரமாகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, அளவுக்கு மீறிய மூச்சுவாங்கல் ஏற்கெனவே உள்ளவர்கள் எதையும் தொடங்குமுன் டொக்டரைக் காண வேண்டும்.

என்னிடம் ஒரு குடும்பம் கேட்டால் நான் சொல்வது: வேலைக்கும் கடைக்கும் சைக்கிள், சனி பின்னேரம் நாலு பேராக மண்டபத்தில் பூப்பந்து, செவ்வாயும் வியாழனும் சாப்பாட்டுக்கு முன் கதிரைப் பயிற்சி. மழைக்கு மட்டும் இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். ஐப்பசி பிறந்து மார்கழி வரை குடாநாட்டின் பெருமழை முழுதும் விழும், வீதியோரம் வெள்ளம், நுளம்பு, இருட்டு. வருடம் முழுக்க ஒழுங்காக நடந்தவர்கள் கழன்று போவது அந்த மூன்று மாதத்தில்தான். மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு நேரத்தைப் புரட்டாதிக்குள் பேசி வைத்துவிடுங்கள். மழை இறங்கிய பிறகு ஊரில் எல்லாருக்கும் அதே யோசனை வரும்.